கணிப்பொறி எடுக்கும் முடிவுகளும் குடிமக்களின் உரிமையும்

குடும்ப அட்டை ஒன்றை ரத்துச் செய்வது, நிர்வாகத்தின் கண்ணுக்கு மிகச் சிறிய செயல். அட்டையை வைத்திருந்தவரின் கண்ணுக்கு அது அப்படித் தோன்றுவதில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தியோதயா குடும்பம் ஒன்றுக்கு மாதந்தோறும் 35 கிலோ தானியமும், முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு 5 கிலோவும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். அட்டை போனால் அந்த உரிமையும் போயிற்று.

முன்னாளில் இத்தகைய ரத்து உத்தரவு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆய்வாளரின் அறிக்கையும், வழங்கல் அதிகாரி ஒருவரின் கையொப்பமும் இருந்தன. அறிக்கை பிழையாக இருந்திருக்கலாம்; கையொப்பமிட்டவர் பாரபட்சம் காட்டியிருக்கலாம். அந்தக் காலத்து அலுவலக முறைக்குப் பொற்கால மெருகேற்ற வேண்டிய அவசியமில்லை. ஆயினும், யார் செய்தார், எதனால் செய்தார் என்ற கேள்விக்குக் கோப்பில் ஏதோ ஒரு விடை இருந்தது. இன்று பல மாநிலங்களில் அந்த விடை மறைந்து வருகிறது. பல துறைகளின் பதிவேடுகளைக் கணிப்பொறி ஒப்பிட்டுத் தகுதியற்றோர் பட்டியலைத் தயாரிக்கிறது. நியாய விலைக் கடையிலுள்ள கருவி, பெயர் இல்லை என்று காட்டுகிறது. ஏன் இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரியாது. பெரும்பாலும் வட்ட அலுவலகத்து எழுத்தருக்கும் தெரியாது.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்றவுடன் விளம்பர நிறுவனங்கள், சமூக ஊடகங்கள், ரகசியங்கள் கசிதல் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை முக்கியமானவையே. ஆயினும் அரசு அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் எடுத்துரைக்கத்தக்கது இப்பொருளின் மற்றொரு பக்கமாகும். திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு ஒருவரைப் பற்றி இயந்திரம் ஒரு முடிவுக்கு வரும்போது, அந்த மனிதருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதே அது.

பெயர்களைப் பொருத்தும் முறை

இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. வாகனப் பதிவு, நிலப் பதிவு, மின் இணைப்பு, சொத்து வரி, ஓய்வூதியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தொடங்கப்பட்டவை. எல்லாவற்றிலும் பொதுவான அடையாள எண் இருந்தால் இணைப்பது எளிது. இல்லாதபோது, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, வயது ஆகியவை எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று பார்த்து, இவர் அவரே என்று கணிப்பொறி ஊகிக்கிறது. எந்த அளவு ஒத்திருந்தால் போதும் என்பதை நிர்ணயிப்பவர், நிரலை எழுதியவர். அளவைத் தளர்த்தினால் இருவேறு மனிதர் ஒருவராகிவிடுவர். இறுக்கினால் ஒரே மனிதர் இருவராகிவிடுவார்.

இந்தியப் பெயர்கள் இந்த ஊகத்துக்குப் பெரும் சோதனை. லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதும் பழக்கம் நாடெங்கும் உண்டு. தென்னாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு பதிவேட்டில் முன்னால் நிற்கும். இன்னொன்றில் பின்னால் போகும். மூன்றாவதில் முழுப் பெயராக விரிந்துவிடும். வடநாட்டில் பெண்கள் பலரின் பெயருக்குப் பின் தேவி என்றோ பேகம் என்றோ எழுதப்படுவதால், ஒரே சிற்றூரில் ஒரே பெயருடைய பலர் இருப்பர். கிராம முகவரிகளில் கதவு எண் இல்லாததும் உண்டு. வயதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிறந்த நாள் தெரியாத ஒரு தலைமுறைக்கே ஜனவரி முதல் தேதி பிறந்த நாளாகிவிட்டது.

தெலங்கானா மாநிலம் இவ்வாறு பல துறைகளின் தரவுகளை இணைத்து உருவாக்கிய ‘சமக்ர வேதிகா’ என்னும் ஏற்பாடு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். போலி அட்டைகளை நீக்குவதும், வசதி படைத்தோரைப் பட்டியலிலிருந்து விலக்குவதும் அதன் நோக்கம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அம்மாநிலத்தில் ரத்துச் செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கள ஆய்வு நடத்தி அவற்றை மறுபடியும் சரிபார்க்குமாறு 2022-ஆம் ஆண்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. கார் எதுவும் இல்லாத ஏழைக் குடும்பங்கள் கார் உடையவர்களாகக் காட்டப்பட்டு அட்டையை இழந்த நிகழ்ச்சிகள் 2024-இல் பத்திரிகைகளில் விரிவாக வெளியாயின. ஹரியாணாவில், குடும்ப அடையாளப் பதிவேட்டில் இறந்தவர்கள் எனக் குறிக்கப்பட்டுவிட்டதால், உயிருடன் இருந்த முதியோர் சிலரின் ஓய்வூதியம் 2022-இல் நின்றுபோனது. தாம் இறக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அந்த முதியோர் மேலேயே விழுந்தது.

ஒரு சிறு கணக்கு

“எங்கள் முறை 98 சதவிகிதம் சரியானது” என்று மென்பொருள் நிறுவனங்கள் கூறும்போது அதிகாரிகள் திருப்தியடைந்து விடுகின்றனர். இதை ஒரு கற்பனைக் கணக்கால் ஆராயலாம். ஒரு மாநிலத்தில் 10 லட்சம் பயனாளிகள் இருப்பதாகவும், அவர்களில் 2 சதவிகிதத்தினர், அதாவது 20,000 பேர், உண்மையில் தகுதியற்றவர்கள் என்றும் வைத்துக்கொள்வோமாக. கணிப்பொறி தகுதியற்றோரில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. தகுதியுள்ளோரில் நூற்றுக்கு இருவரை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கிறது. பார்வைக்கு இது மிகத் திறமையான முறைதான். அப்படியானால் சரியாகப் பிடிபட்டவர்கள் 18,000 பேர். தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர்களோ, எஞ்சிய 9,80,000 பேரில் 2 சதவிகிதம், அதாவது 19,600 பேர். ஆக, பட்டியலில் இடம்பெற்ற 37,600 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் குற்றமற்றவர்கள்.

இந்தக் கணக்கைப் புள்ளியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். ஏமாற்றுவோர் தொகை குறைவாக இருக்குமிடத்தில், சந்தேகப் பட்டியலில் நல்லவர்களே மிகுந்திருப்பார்கள் என்பது அதன் சாரம். ஆகவே இத்தகைய பட்டியல், எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்று அலுவலருக்குக் காட்டும் குறிப்பாக மட்டுமே இருக்க முடியும். அதையே உத்தரவாகக் கொள்வதற்குக் கணித நியாயம்கூட இல்லை.

அயல்நாடுகளின் அனுபவம்

இயந்திரம் மிகவும் அறிவு பெற்றுவிட்டதால்தான் ஆபத்து என்றொரு கருத்து பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்தது அதற்கு மாறானது. அந்நாட்டில் உதவித்தொகை பெற்றோரின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிலிருந்து பெற்று, அதை 26 இரு வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, “உமக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிச் செலுத்தும்” என்று கணிப்பொறி கடிதம் அனுப்பியது. ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையின்றி இருந்தவருக்கு இச்சராசரி பொருந்தாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இதில் செயற்கை நுண்ணறிவு ஏதுமில்லை. வெறும் வகுத்தல் கணக்கே. ஆனால், கடன் இல்லை என்று மெய்ப்பிக்கப் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேட வேண்டிய பொறுப்பு குடிமக்கள் மேல் சுமத்தப்பட்டது. இதன்கீழ் விதிக்கப்பட்ட கடன் சட்டப்படி செல்லாது என்பது 2019-இல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. அரசு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023-இல் வெளியான அரச ஆணைய அறிக்கை இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர் தவறாகக் குற்றம்சாட்டப்பட்டனர். ஆபத்தானவர் யார் என்று கணக்கிடும் முறையில் ஒருவரின் குடியுரிமையும் ஓர் அம்சமாகச் சேர்க்கப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. இவ்விவகாரத்தின் காரணமாக 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது.

இதற்கான சட்டச் சிந்தனை புதிதன்று. மனிதரின் நடத்தையை மதிப்பிடும் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தானியங்கித் தரவுச் செயலாக்கத்தை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்று பிரான்சு நாடு 1978 ஜனவரி 6-ஆம் தேதியிட்ட சட்டத்தில் கூறியது. தம்மைப் பற்றிய முடிவுக்குப் பயன்பட்ட தகவலையும் தர்க்கத்தையும் அறிந்து, அவற்றை மறுத்துரைக்கும் உரிமையையும் அது அளித்தது. அக்கருத்து ஐரோப்பியச் சமூகத்தின் 1995-ஆம் ஆண்டு நெறிமுறை வழியாக, 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியின் 22-ஆம் பிரிவாயிற்று. சட்ட விளைவையோ அதற்கொத்த பெரும் விளைவையோ உண்டாக்கும் முடிவை முற்றிலும் இயந்திரமே எடுக்கக்கூடாது என்பது அதன் பொது விதி. விலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமானவற்றுக்கும், மனிதர் ஒருவர் தலையிட்டு மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு வேண்டும்.

இப்பிரிவுக்கு 2023 டிசம்பர் 7-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த விளக்கம் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் கடன் பெறுவோருக்கு மதிப்பெண் கணக்கிட்டு வங்கிகளுக்கு அளிக்கிறது. “நாங்கள் எண்ணைத்தான் தருகிறோம், முடிவெடுப்பது வங்கி” என்பது நிறுவனத்தின் வாதம். வங்கி அந்த எண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்குமானால், எண்ணைக் கணக்கிடுவதே ஒரு முடிவுதான் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பட்டியலைக் கணிப்பொறி தரும், அதன் கீழே அலுவலர் ஒப்பமிடுவார் என்ற நிலை எங்கெல்லாம் உள்ளதோ, அங்கெல்லாம் சிந்திக்க வேண்டிய கருத்து இது.

இந்தியச் சட்டத்தின் நிலை

தனிமறைவு, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் அடிப்படை உரிமையாகும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தனது அறிக்கையை அளித்தது. 2019-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டு 11-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பிரிவுகள் உடனே நடைமுறைக்கு வந்தன. முக்கியமான கடமைகளும் உரிமைகளும் நடைமுறைக்கு வர, அறிவிப்பிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

இச்சட்டத்தில் இயந்திர முடிவுகளைப் பற்றித் தனிப் பிரிவு எதுவும் இல்லை. காரணம் கேட்கும் உரிமையோ, மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற உரிமையோ அதில் சொல்லப்படவில்லை. எனினும் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும், துல்லியமாகவும், முரண்பாடின்றியும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று 8-ஆம் பிரிவு விதிக்கிறது. பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமையை 12-ஆம் பிரிவு தருகிறது. அரசுக்குச் சில சலுகைகளை அளிக்கும் 17-ஆம் பிரிவும், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்காகத் தரவு பயன்படும் இடத்தில் இத்திருத்த உரிமையைப் பறிக்கவில்லை. மத்திய அரசு தனியே குறிப்பிட்டறிவிக்கும் பெரிய தரவு நிறுவனங்கள், தாம் பயன்படுத்தும் மென்பொருள் மக்களின் உரிமைக்கு ஆபத்து விளைவிக்காதவாறு கவனம் செலுத்த வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. சட்டத்தை மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது, பாதிக்கப்பட்டவருக்குச் செல்வதில்லை. கவனக்குறைவால் தரவு வெளிப்பட்டு நட்டமடைந்தவர், நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-அ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. வங்கிக் கடன் கேட்டு மறுக்கப்பட்டவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அவருக்குத் தம் பதிவைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் உரிமை தருகிறது. ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். திருத்தக் கோரிக்கை 30 நாட்களில் தீர்க்கப்படாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் அவ்வங்கி உத்தரவிட்டது. வீட்டுக்கடன் கேட்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கும் நாட்டில், தவறாக நீக்கப்பட்ட அரிசி அட்டைக்கு இத்தகைய நாட்கணக்கும் இழப்பீடும் வழக்கத்தில் இல்லை. மாவட்டக் குறைதீர் அதிகாரியும் மாநில உணவு ஆணையமும் சட்டத்தில் உண்டு. ஆனால் அவர்களிடம் செல்ல வேண்டியவருக்கு, தம் பெயர் எதனால் நீங்கியது என்பதே தெரியாதபோது அவர் மனுவில் என்ன எழுதுவார்?

இயற்கை நீதியின் பழைய விதிகள்

இக்குறையை ஈடுசெய்யப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுச் சட்டம் பிறந்த அதே 1978 ஜனவரியில், 25-ஆம் நாள், மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் பறிக்கப்பட்டது ஒரு பாஸ்போர்ட். காரணம் கூற அரசு மறுத்திருந்தது. ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னர் பிரமாண வாக்குமூலத்தால் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் கூறப்பட்டது. காரணம் கூறும் கடமையை 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கின் தீர்ப்பு வலியுறுத்தியது. இத்தீர்ப்புகளில் எதுவும், முடிவைக் கணிப்பொறி எடுத்தால் இவ்விதிகள் பொருந்தா என்று சொல்லவில்லை. மென்பொருள் ஓர் அலுவலகக் கருவி. தட்டச்சுப் பொறி அடித்த உத்தரவுக்குப் பொறி பொறுப்பாகாதது போலவே இதற்கும் பொறுப்பு அதிகாரியுடையதே.

அவசர நிலைகளில் முதலில் நடவடிக்கை எடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்கலாம் என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால் ரேஷன் விஷயத்தில் அந்த அவசரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தகுதியற்ற ஒருவர் இரண்டு மாதம் கூடுதலாக அரிசி பெற்றால் அரசுக்கு ஏற்படும் நட்டம் சில நூறு ரூபாய்களில் அடங்கும். பின்னர் வசூலிக்கவும் வழியுண்டு. தகுதியுள்ள குடும்பம் இரண்டு மாதம் அரிசியின்றி இருந்தால் அந்த இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது. ஆகவே கள ஆய்வு முடியும் வரை பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதே முறை. நாளை மாவட்ட வழங்கல் அதிகாரியின் இருக்கையில் அமரவிருக்கும் இளைஞர், தமக்கு மேலிருந்து வரும் பட்டியலைப் பெறும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வியும் இதுவே: பெயர்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டனவா, அல்லது ஆய்வுக்காக அனுப்பப்பட்டுள்ளனவா?

இதனால் வேலை பெருகும் என்பது உண்மை. ஊழியர் பற்றாக்குறை உள்ள அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்று விசாரிப்பது எளிதன்று. ஆனால் கணிப்பொறி மிச்சப்படுத்தியதாகச் சொல்லப்படும் உழைப்பில் ஒரு பகுதி, உண்மையில், கூலியை விட்டு அலுவலக வாசலில் நாட்கணக்கில் நிற்பவர்களின் தோளுக்கு மாற்றப்பட்டது. திட்டச் செலவுக் கணக்கில் அந்தக் கூலி எங்கும் பதிவாவதில்லை.

நோட்டீசில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. எந்தத் துறையின் எந்தப் பதிவால் சந்தேகம் எழுந்தது, அதாவது எந்த எண்ணுள்ள வாகனம், எந்தக் கிராமத்து நிலம் என்பது குறிப்பாக இருக்க வேண்டும். “மற்ற துறைகளின் தகவலின்படி” என்று பொதுவாக எழுதுவது காரணமாகாது. அது மாநில மொழியில், படிக்கத் தெரியாதவர் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நடையில் அமைய வேண்டும். கைபேசிக் குறுஞ்செய்தி மட்டும் போதாது. பதிவிலுள்ள எண் பல குடும்பங்களில் மகனுடையதாகவோ, விண்ணப்பம் நிரப்பிய இடைத்தரகருடையதாகவோ இருக்கிறது.

அரசு மானியங்களுக்கும் உதவிகளுக்கும் தரவைப் பயன்படுத்தும்போது கைக்கொள்ள வேண்டிய தரநிலைகள், 2025-ஆம் ஆண்டு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் வகுக்கப்பட்டுள்ளன. பயனாளிக்குத் தெரிவிப்பு அனுப்ப வேண்டும், அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை அதில் தர வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். பதில் சொல்பவருக்கு நீக்கப்பட்ட பெயரை மீண்டும் சேர்க்கும் அதிகாரம் இருக்க வேண்டுமா என்பது பற்றி அட்டவணை எதுவும் கூறவில்லை. அந்த அதிகாரத்தை ஒரு சுற்றறிக்கையின் மூலம் அவருக்கு அளிக்க எந்த மாநிலத் துறைக்கும் தடையில்லை. அதற்கு 18 மாதம் காத்திருக்க வேண்டியதுமில்லை.